மாதாமாதம் விலை இறங்கிய சீர்

கவுண்டரில் நின்ற முதல் வாரத்திலேயே உங்களிடம் யாராவது வந்து கேட்டிருப்பார்கள். "இப்ப வாங்கலாமா, இன்னும் கொறையுமா?" இதுவரை கேட்கவில்லை என்றால் நாளைக்குக் கேட்பார்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இந்தக் கம்ப்யூட்டர் கடையில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். 'செல்லுக்கு சார்ஜ் போட்டுக்கலாமா' என்பதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

இதற்குச் சரியான பதில் என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவன் எவனும் கவுண்டரில் நிற்க மாட்டான். இப்போது வேறு விலை நடுநடுவே ஏறவும் செய்கிறது என்கிறார்கள். அது உங்கள் தலைவலி, நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் விலை விழும்போது மனிதர்கள் எப்படி விழுகிறார்கள் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன்.

எஸ்எஸ்டி முதன்முதலில் நம் கடைக்கு வந்தபோது நீங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சீட்டுக்கட்டு மாதிரி சின்னதாக ஒரு பெட்டி. மாட்டினால் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் தயாராகிவிடும். விலை மட்டும் ஒரு செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டருக்கு நிகர். அப்போதைய முதலாளி ஆசைப்பட்டு ஒரு பெட்டி நிறைய இறக்கினார். ஒன்றை நம் பில் போடும் மெஷினிலேயே மாட்டிவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டினார். பில்லுக்காக நின்றுகொண்டிருந்தவர்கள்தான் பாவம்.

அப்புறம் விலை விழ ஆரம்பித்தது. மாதத்துக்கு மாதம் விழுந்தது. முதலாளி கொஞ்ச நாள் விலைப் பட்டியலைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். வரும் மெயிலை என்னைத் திறக்கச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய் நிற்பார். 'குறையும்' என்ற வார்த்தையைக் கடைக்குள் யாரும் சொல்லக் கூடாது, 'மாறும்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஒரு வக்கீல் ஆரம்பத்திலேயே வாங்கிப் போனவர், சனிக்கிழமை சனிக்கிழமை வந்து தான் வாங்கிய அதே சாமானின் இன்றைய விலையைக் கேட்பார். வாங்குவதற்கு இல்லை, வயிறு எரிவதற்கு. இன்னொருவர் ஹெட்மாஸ்டர், "இன்னும் கொறையட்டும்" என்று காத்திருந்து காத்திருந்து ரிட்டயரே ஆகிவிட்டார். அவர் கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டுக் குளிக்கப் போவாராம். முந்திக்கொண்டவருக்கு ஒரு வருத்தம், பிந்திக்கொண்டவருக்கு ஒரு வருத்தம். நடுவில் நின்று திட்டு வாங்கியது நான்.

இனி யமுனா விஷயத்துக்கு வருகிறேன்.

யமுனா மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு குப்பத்துப் பெண். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஏழுமலை சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தார், ஹோட்டல்களுக்கு இறால் போட்டார். யமுனாவுக்குக் கோவளத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். பையன் பெயர் சதீஷ், கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருந்தான். தை மாதம் நிச்சயத்துக்குச் சீர் வாங்க அப்பாவும் மகளும் நம் கடைக்கு வந்தார்கள்.

"மாப்ளைக்கி பைக் குடுக்கலாம்னு கீறேன்," என்றார் ஏழுமலை. "இந்தப் பொண்ணு இன்னாடான்னா இத வாங்குன்னுது."

"பைக் அவருகிட்ட கீது நைனா," என்றாள் யமுனா. "ஒரு வீடியோ ஓப்பன் ஆவறதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சுட்டு வராரு. அவருக்கு இதான் வோணும்."

ஏழுமலை அந்தப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டு கீது. தட்டுல வச்சா தேங்கா மறைச்சுடுமே."

அதற்கு முதலாளிதான் வழி சொன்னார். கடையில் கிடந்த பெரிய காலி அட்டைப்பெட்டி ஒன்றில் அதை வைத்து, சுற்றிலும் தெர்மாகோல் அடைத்து, தங்க நிறக் காகிதம் சுற்றிக் கொடுத்தோம். இப்போது தேங்காயைவிடப் பெரியதாகத் தெரிந்தது. ஏழுமலை திருப்தியாக எடுத்துப் போனார். என்னை நிச்சயத்துக்கும் கூப்பிட்டார், நானும் போனேன்.

அந்தப் பக்கத்துக் குப்பங்களில் சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்து, இன்னின்ன சீர் என்று மைக்கில் சொல்வார்கள். வெள்ளிக்குடம், பித்தளை அண்டா எல்லாம் ஆயிற்று. எங்கள் பெட்டி வந்ததும் மைக்காரர் திணறினார். "கம்ப்யூட்டர் சாமான்" என்றார். கூட்டம் அசையவில்லை. ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. "ரேட்ட சொல்லு," என்றார். மைக்காரர் சொல்லிவிட்டார், அதுவும் இரண்டு முறை. பந்தலே திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கேட்டார்.

"இத்தினி டப்புக்கு அது இன்னா பா செய்யும்?"

"கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆவும்."

"ஏன், அந்தப் புள்ளைக்கி எங்கியாச்சும் அவசரமா போவணுமா?"

சீர் மாப்பிள்ளை கைக்குப் போவது கல்யாணத்தன்றுதான். அதுவரை பெண் வீட்டில் இருக்கும். கல்யாணம் ஆவணியில். ஆகவே தை மாதம் வாங்கிய எஸ்எஸ்டி, தங்கக் காகிதம்கூடப் பிரிக்காமல், மஞ்சள் துணி கட்டி சாமி அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. அது உட்கார்ந்திருக்க, விலை மட்டும் எழுந்து நடந்தது. ஆடி பிறக்கும்போது பாதிக்கு வந்திருந்தது.

பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விலை விழுகிற சாமானை முன்கூட்டியே வாங்குவது ஒரு தப்பு. வாங்கிவிட்டு உபயோகிக்காமல் வைத்திருப்பது அதைவிடப் பெரிய தப்பு. விலையை மைக்கில் சொல்வது எப்படிப்பட்ட தப்பு என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை யமுனா மட்டும் தனியாகக் கடைக்கு வந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. விஷயம் இதுதான். சதீஷ் வீட்டில் ஏதோ பேச்சுவாக்கில், மாமா வாங்கிய சாமான் இப்போது பாதி விலைதான் என்று சொல்லியிருக்கிறான். அவனை வளர்த்தது அவனுடைய அத்தை கன்னியம்மா. மீன் மொத்த வியாபாரம் செய்கிற பெண்மணி, அந்தக் கரையில் அவர் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. "மைக்குல ஒரு வெல, மார்க்கெட்ல ஒரு வெலயா? ஊரு முன்னால பொய் சொன்ன வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பில்லைக் காட்டியதற்கு, "பில்லு யாரு வேணா அடிப்பான், வித்தவன வரச் சொல்லு" என்றாராம்.

"நைனா ரெண்டு நாளா கடலுக்குப் போவல," என்றாள் யமுனா. "பைக்கே வாங்கலாம்னு சொன்னாரு. நான்தான் கேக்கல. என்னாலதான் அவருக்கு ஊருல தல குனிவு. நீங்க வந்து சொல்லணும் அண்ணா."

எனக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்த நடத்தணும்பாங்க. வெல கொறையவே இல்ல, அது டூப்ளிகேட் வெலன்னு அடிச்சு சொல்லிட்டு வந்துடு," என்றார். மறுநாள் காலை டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாமல்லபுரத்தில் இறங்கி ஈசிஆர் பஸ் பிடித்துக் கோவளம் போகிற வழியெல்லாம் பொய் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நெம்மேலி தாண்டும்போது வேண்டாம் என்று முடிவு செய்தேன். தர்மத்துக்காக என்று நினைக்காதீர்கள். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது, தட்டிப் பார்த்தால் விலை தெரிந்துவிடும், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒரு அருமையான உதாரணத்தைத் தயார் செய்துகொண்டேன். மீன் விற்கிறவர்களிடம் மீனை வைத்தே பேசிவிடலாம் என்று. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கன்னியம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில். ஒரு பக்கம் ஏழுமலையும் யமுனாவும், அவள் மடியில் அந்தத் தங்கக் காகிதப் பெட்டி. எதிர்ப்பக்கம் கன்னியம்மா. சதீஷ் ஒரு தூணில் சாய்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, காலைல கரையில வஞ்சரம் ஒரு வெல. சாயங்காலம் அதே வஞ்சரம் இன்னா வெல?"

"கொறையும்."

"அதே மாதிரிதான் இதுவும்."

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாயங்காலம் மீனு நாறும், அதனால கொறையும். உன் பொட்டி நாறுமா?"

"நாறாது அக்கா."

"அப்ப ஏன் கொறையுது?"

"ஃபேக்டரிங்கள்ல நெறைய செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. நெறைய வந்தா வெல கொறையும்."

"நெறைய வரப்போவுதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா தெரியாதா?"

"ஓரளவுக்குத் தெரியும்."

"தெரிஞ்சே வித்துகீற. நேத்து மீன இன்னிக்கி மீனுன்னு தள்ளி வுட்ட மாதிரி. அதத்தான நானும் சொல்றேன்."

அருமையான உதாரணம் என் கழுத்திலேயே விழுந்தது. ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையில், இவன் வந்ததற்கு வராமலே இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. வாடிக்கையாளருடைய தொழிலை வைத்து அவருக்கே பாடம் எடுக்காதீர்கள். அவர்கள் அதில் பிறந்து வளர்ந்தவர்கள், நீங்கள் பஸ்ஸில் யோசித்தவர்கள்.

பெரியவர் கேட்டார். "சுத்தி வளைக்காம சொல்லு தம்பி. மைக்குல சொன்ன வெல நெஜமா பொய்யா?"

"அன்னிக்கி நெஜம். இன்னிக்கி பாதி. ஆவணில இன்னும் கொறையும்."

"சாமி, இது இன்னா சீரு," என்றார் கன்னியம்மா. "நக குடுத்தா ஏறும். நெலம் குடுத்தா ஏறும். மாசாமாசம் எறங்கற சீர எந்த ஊர்ல குடுப்பாங்க?"

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.  அவர் எழுந்து வாசலைத் தாண்டினால் கல்யாணம் முடிந்தது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அப்போது யமுனா சொன்னாள்.

"இருங்க நைனா. பொருள மாட்டிப் பாக்கட்டும். வேல செய்யலன்னா அப்பறம் போலாம்."

"ஆடி மாசத்துல சீர பிரிப்பாங்களா?" என்றது தூணோரக் குரல். சதீஷ்தான். அவ்வளவு நேரம் வாயே திறக்காத பையனுக்குத் திடீரென்று சாஸ்திரம் ஞாபகம் வந்துவிட்டது.

"பிரிக்காம வச்சுக்கினு இருந்ததாலதான் இவ்ளோ பேஜாரு," என்று சொல்லிக்கொண்டே யமுனா தங்கக் காகிதத்தைக் கிழித்துவிட்டாள். தெர்மாகோலை எடுத்து, எடுத்து, கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி வெளியே வந்தது. கன்னியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையமர்த்தி, "பொருள பாத்துட்டுப் பேசுவோம்," என்றார்.

ஸ்டூடியோ அதே தெருவில் நாலு வீடு தள்ளி. எல்லாரும் ஊர்வலமாகப் போனோம். கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்தது. நான் குனிந்து உள்ளே போனேன். "டார்ச் புடிக்கிறேன்" என்று சதீஷும் என் பின்னாலேயே தவழ்ந்து வந்தான். மூடியைக் கழற்றினேன்.

உள்ளே ஏற்கெனவே ஒரு எஸ்எஸ்டி இருந்தது. புத்தம்புதுசு.

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். டார்ச் வெளிச்சத்தில் அவன் முகம் வேர்த்து வழிந்தது.

"அண்ணாத்த," என்றான் ரகசியமாக, "கால்ல வேணாலும் வுழறேன்."

"வுழுந்துதான கெடக்கற. எப்ப வாங்கின?"

"ஆனில. ஆன்லைன்ல. வைகாசி மாச கல்யாணம் ஒண்ணுகூட டெலிவரி குடுக்க முடியல. பார்ட்டிங்க வந்து சட்டைய புடிக்கிறாங்க. சீரு வர்ற வரைக்கும் தாங்காது அண்ணாத்த. பாதி வெலைக்கி வேற வந்துச்சு."

"அத வூட்ல போயி சொன்னியா?"

"வாங்கனத சொல்லல. சல்லிசா வாங்கன குஷில வெல மட்டும் வாய்ல வந்துடுச்சு."

தொழிலில் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். மேஜைக்கு வெளியே கால்கள் தெரிந்தன. ஏழுமலையின் கால், கன்னியம்மாவின் கால், யமுனாவின் கால். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் நியாயம் ஏழுமலை பக்கம் வந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர் படகுச் சம்பாத்தியத்தில் ஆசையாக வாங்கிய சீர், மாப்பிள்ளைக்குத் தேவையே இல்லாத இன்னொன்றாகிப் போகும். கன்னியம்மா ஊர் முன்னால் அவமானப்படுவார். அவமானப்பட்ட வீட்டில் அந்தப் பெண் போய் வாழ வேண்டும். ஜெயித்துவிட்டுத் தோற்பது என்பது அதுதான். எனக்கு அந்த நேரத்தில் சதீஷ் மேல் வந்த கோபத்தில் ஸ்க்ரூடிரைவரால் அவன் தலையில் ஒன்று போடலாம் போலிருந்தது. போடவில்லை.

மேஜைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினேன்.

"உள்ள கீறதெல்லாம் இந்தப் புதுசுக்கு மாத்தணும். ரெண்டு மணி நேரமாச்சும் ஆவும்."

சுத்தப் பொய். எஸ்எஸ்டியிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்ற ஒரு காபி குடிக்கிற நேரம் போதும். ஆனால் வேலையைவிட அந்த மனிதர்களுக்குத்தான் நேரம் தேவைப்பட்டது. மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் வீட்டு வாசலுக்கு வந்தவர்களை உச்சி வேளையில் பட்டினியாக அனுப்ப மாட்டார்கள், எதிரியாக இருந்தாலும். அதை நம்பித்தான் சொன்னேன்.

கன்னியம்மா பெருமூச்சு விட்டார். "ரெண்டு மணி நேரமா? அப்ப சோறு வடிக்கணும்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. யமுனாவின் சீர் உள்ளே போயிற்று. சதீஷுடையதைக் கழற்றி, "நீங்களே எடுத்துக்கினு போயிடுங்க" என்று அவன் என் சட்டைப் பையில் திணித்தான். அப்புறம் நான் செய்தது நடிப்பு. முடிந்துபோன திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது எட்டிப் பார்த்தால் புருவத்தைச் சுருக்கினேன். பெரியவர் வந்து "எவ்ளோ ஆச்சு?" என்றார். "பாதி" என்றேன். வேகத்தை விற்றுப் பிழைத்தவன் மெதுவாக இருப்பதற்கு அவ்வளவு கஷ்டப்பட்டது அன்றைக்குத்தான். யமுனா மட்டும் எங்கேயும் போகாமல் ஸ்டூடியோ வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஏழுமலை முதலில் வர மறுத்தார். கன்னியம்மா தெருவுக்கே வந்து, "சண்ட வேற, சோறு வேற. வந்து துன்னுட்டு சண்ட போடு," என்றார். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். முறைப்பு முதல் உருண்டை வரைதான். குழம்பு அப்படி. ஏழுமலையால் தாங்க முடியவில்லை. "மாங்கா போட்டுகீறீங்களா?" என்று கேட்டுவிட்டார். "ஆமா, பச்ச மாங்கா," என்றார் கன்னியம்மா, சாதத்தைப் பார்த்துக்கொண்டே.

பெரியவர்தான் பேச்சை ஆரம்பித்தார். ஊரிலேயே முதலில் செல்போன் வாங்கியது அவராம். செங்கல் மாதிரி கனம். வருகிற போனுக்கும் காசு பிடிப்பார்கள். ஆகவே மணி அடித்தால் எடுக்காமல், யார் கூப்பிட்டது என்று பார்த்துவிட்டு, அவர் வீட்டுக்கே நடந்து போய் "இன்னா கூப்ட?" என்று கேட்டுவிட்டு வருவாராம். அடுத்த வருஷம் அவர் படகில் வலை இழுக்கிறவன்கூட அதைவிட நல்ல போன் வைத்திருந்தான். ஏழுமலை சிரித்துவிட்டார். தான் முதலில் வாங்கிய மீன் பார்க்கும் மெஷினைப் பற்றிச் சொன்னார். வாங்கிய சீசன் முடிவதற்குள் விலை இறங்கிவிட்டதாம். பொறுக்க மாட்டாமல் அதைப் போர்வை போட்டு மூடி வைத்தாராம்.

கன்னியம்மா கேட்டுக்கொண்டே பரிமாறினார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, கரண்டியோடு நின்றபடி சொன்னார்.

"இந்தத் தெருவுல மொதல்ல வாஷிங் மெஷின் வாங்கனது நான்தான். அடுத்த தீவாளிக்கி எதுத்த வூட்டுக்காரி பாதி வெலைக்கி வாங்கனா. அவளுக்கு ஒரு பக்கெட் வேற ஃப்ரீயா குடுத்தான்." நிறுத்தினார். "வெல போனா போவுது. அந்தப் பக்கெட்தான் இன்னிக்கி வரைக்கும் மனசு ஆறல."

இதற்கு மேல் சண்டை போட யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. ஏழுமலை இரண்டாவது தடவை குழம்பு கேட்டார். கன்னியம்மா நடுத்துண்டாகத் தேடி எடுத்து வைத்தார்.

கை கழுவிவிட்டு எல்லாரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியவரை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நான் சுவிட்சைப் போட்டேன். அவர் கண்ணாடியை மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்து, சதீஷ் எடுத்த ஏதோ ஒரு கல்யாண ஜோடி திரையில் சிரித்துக்கொண்டிருந்தது.

"எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

"முடிஞ்சுடுச்சு."

"இன்னாது, அவ்ளோதானா? இதுக்கா இத்தினி நேரம் குந்திகினு இருந்தோம்? இன்னொரு தபா போடு."

இன்னொரு தடவை போட்டேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக ஒரு தடவை. கன்னியம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சதீஷின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "இனிமே டீக்கடைல குந்தறதுக்கு சாக்கு கெடையாது," என்றார். பிறகு ஏழுமலை பக்கம் திரும்பி, "பத்திரிக அடிக்கக் குடுத்துட்டீங்களா அண்ணே?" என்று கேட்டார். ஏழுமலை தலையை மட்டும் ஆட்டினார். என் கண்ணும் கலங்கிவிட்டது. நெத்திலிக் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பஸ் ஸ்டாப்புக்கு யமுனாவும் அவள் அப்பாவும் என்னோடு வந்தார்கள். ஏழுமலை எனக்காக இளநீர் வாங்கப் போனார். அவர் தூரம் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு யமுனா கையை நீட்டினாள்.

"குடுங்கண்ணா."

"எத?"

"பழைய டிஸ்க்லருந்து காப்பி எடுத்தா கொர்ரு கொர்ருன்னு கத்தும். நான் வாசல்லயே குந்திகினு இருந்தேன். ஒரு சத்தமும் வரல." அவள் பார்வை என் சட்டைப் பைக்கு வந்தது. "டார்ச் புடிக்கவா மேஜ அடில பூந்தாரு?"

 எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். கோபம் வரும் என்று பயந்தேன், வரவில்லை. பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நைனாகிட்ட சொல்லாதீங்க. அவருகிட்டயும் நான் வாங்கனத சொல்லாதீங்க. கல்யாணத்துக்கு அப்பறம் நானே சொல்லிக்கிறேன்."

கடைக்குத் திரும்பியதும் முதலாளி ஓடி வந்து கேட்டார், "பொய் சொன்னியா?" ஒன்றே ஒன்று என்றேன். "பரவால்ல, மீதி தொள்ளாயிரத்துச் சொச்சம் கடைக்கு ஆவும்," என்றார். ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மைக்கில் சீர் சொன்னபோது விலை சொல்லவில்லை. ஏழுமலை மைக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்.

சில வருஷம் கழித்து யமுனா கீபோர்டு வாங்கக் கடைக்கு வந்தாள். சதீஷுக்கு இப்போது இரண்டு ஸ்டூடியோ. அந்த இன்னொரு எஸ்எஸ்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பீரோல கீது அண்ணா, அவருக்கும் தெரியும்," என்றாள். "ஒரு தபா அத்த, 'உங்க அப்பன் குடுத்த சீரு இப்ப இன்னா வெலைக்கி போவுது'ன்னு ஆரம்பிச்சுது. நான் பீரோ சாவிய மட்டும் கைல எடுத்தேன். அவரே எழுந்து போயி எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தாரு."